போலி சிகரெட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? பாக்கெட்டைப் படிக்க ஒரு வழிகாட்டி

நம் ஊர்ப் பெட்டிக்கடைகளில் சிகரெட் பெரும்பாலும் ஒன்று, இரண்டு என்று சில்லறையாகத்தான் விற்கிறது. கடைக்காரர் பெட்டியிலிருந்து ஒன்றை உருவிக் கொடுப்பார். வாங்குபவர் அங்கேயே பற்றவைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார். பாக்கெட்டை யாரும் பார்ப்பதில்லை. போலிச் சரக்கு சந்தையில் தங்குதடையின்றி ஓடுவதற்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேறு வேண்டாம். ஒரு சிகரெட் அசலா, போலியா, கடத்தி வந்ததா என்பதற்கான அடையாளங்களில் முக்கால்வாசி பாக்கெட்டின் மேல்தான் இருக்கின்றன. உருவிய ஒற்றைச் சிகரெட்டில் பார்ப்பதற்கு மிகக் கொஞ்சமே மிச்சம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அசல் சிகரெட் பாதுகாப்பானது, போலிதான் ஆபத்தானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புகையிலையை விடாமல் தொடர்பவர்களில் பாதிப் பேர் வரை அதனாலேயே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கு நல்ல பிராண்டு, பில்லோடு வாங்கிய பிராண்டு எல்லாவற்றுக்கும் பொருந்தும். போலியில் அதற்கு மேலும் ஒரு ஆபத்து உண்டு. பிரிட்டனில் பிடிபட்ட போலி சிகரெட்டுகளை ஆய்வகத்தில் சோதித்தபோது, காட்மியம், ஈயம் போன்ற கன உலோகங்கள் அசலில் இருப்பதைவிட அதிகமாக இருந்தன. தயாரித்தவர் யார் என்றே தெரியாத பொருளுக்கு யாரும் பதில் சொல்லப் போவதில்லை. இன்னும் விடமுடியாமல் இருப்பவர்கள் குறைந்தபட்சம் ஏமாறாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எதைத் தேடுகிறோம்?

சட்டவிரோத சிகரெட் என்று பொதுவாகச் சொல்வதில் மூன்று வகை கலந்திருக்கிறது. ஒன்று, பெயர்பெற்ற பிராண்டின் பாக்கெட்டை அப்படியே நகலெடுத்து, உள்ளே ஏதோ ஒரு புகையிலையை அடைத்து விற்பது. இதுதான் நேரடிப் போலி. இரண்டாவது, வெளிநாட்டில் முறையாகத் தயாரான சிகரெட்டைச் சுங்கவரி கட்டாமல் கடத்திக்கொண்டு வருவது. சென்னைத் துறைமுகம், தூத்துக்குடித் துறைமுகம், விமான நிலையங்கள் என்று சுங்கத்துறையும் வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகமும் பிடிக்கும் சரக்கில் இதுதான் அடிக்கடி செய்தியாகிறது. இந்தோனேசியாவின் கிராம்பு வாசனை சிகரெட்டான குடாங் கரம், கொரியாவின் எஸ்ஸே, பாரிஸ், மான்செஸ்டர் போன்ற பெயர்கள் அந்தச் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும். மூன்றாவது, உள்நாட்டிலேயே சின்னத் தொழிற்சாலைகளில் தயாராகி, வரி கட்டாமல், யாரும் கேள்விப்படாத பெயரில் பாதி விலைக்கு விற்பது.

வாங்குபவருக்கு இந்த மூன்றையும் பிரித்தறிய வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. சட்டப்படி இந்தியாவில் விற்க வேண்டிய பாக்கெட் எப்படி இருக்கும் என்று தெரிந்தால் போதும். அதற்குப் பொருந்தாத எதையும் வாங்காமல் விட்டுவிடலாம்.

படி 1: பாக்கெட்டைக் கேளுங்கள்

சில்லறையாகத்தான் வாங்குவேன் என்றாலும், எடுக்கும் பாக்கெட்டை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். "அண்ணாச்சி, பாக்கெட்டோட குடுங்க, பாத்துட்டுத் தாரேன்" என்றால் போதும். நல்ல கடைக்காரர் யோசிக்காமல் நீட்டுவார். கண்ணாடி பாட்டிலிலோ, பிளாஸ்டிக் டப்பாவிலோ, தகர டின்னிலோ சிகரெட்டைக் கொட்டி வைத்து விற்கும் கடையில் பாக்கெட்டே இருக்காது. அங்கே வாங்காதீர்கள். அசல் பாக்கெட் ஒன்றைக் காட்சிக்கு வைத்துவிட்டு, அது காலியாகக் காலியாக வேறு சரக்கை அதில் நிரப்புவதும் நடக்கிறது. அதனால் பாக்கெட் பழசாகி, மூலைகள் மடங்கி, மூடி தளர்ந்துபோயிருக்க, உள்ளே மட்டும் நிறைய சிகரெட் இருந்தால் சந்தேகப்படுவது நியாயம்தான்.

மகாராஷ்டிராவில் 2020-இல் சில்லறை சிகரெட், பீடி விற்பனையையே தடை செய்தார்கள். எச்சரிக்கைப் படம் வாங்குபவர் கண்ணில் படாமலே போய்விடுகிறது என்பதுதான் அதற்குக் காரணம். போலியைத் தடுக்கவும் அதே காரணம் பொருந்தும் என்பது என் கருத்து.

படி 2: எச்சரிக்கைப் படத்தை அளந்து பாருங்கள்

நேரம் செலவழித்துப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். கலர், லோகோ, பளபளப்பு எல்லாவற்றையும் நகலெடுத்துவிடலாம். ஆனால் போலி அடிப்பவர்களும் கடத்துபவர்களும் எச்சரிக்கைப் படத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். வெளிநாட்டுச் சந்தைக்காகத் தயாரான பாக்கெட்டில் இந்தியப் படம் இருக்கவே இருக்காது.

2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டத்தின் கீழ் வந்த விதிகளின்படி, 2016 ஏப்ரல் 1 முதல் பாக்கெட்டின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டிலும் 85 சதவீதப் பரப்பை எச்சரிக்கை அடைத்திருக்க வேண்டும். அதில் 60 சதவீதம் படம், 25 சதவீதம் எழுத்து. பிராண்டின் பெயருக்கு மிஞ்சுவது கீழே ஒரு பட்டை இடம் மட்டும். ஆக, ஒரு பாக்கெட்டின் முன்பக்கத்தில் பிராண்டின் சின்னம் நடுநாயகமாகப் பெரிதாக இருக்கிறது, எச்சரிக்கை சின்னதாக ஓரத்தில் ஒதுங்கியிருக்கிறது, அல்லது ஒரு பக்கத்தில் மட்டும்தான் இருக்கிறது என்றால், அது இந்தியாவில் விற்பதற்கான பாக்கெட் இல்லை. மேற்கொண்டு எதையும் சோதிக்கத் தேவையில்லை.

அளவு சரியாக இருந்தால் அடுத்து எழுத்தைப் பாருங்கள். பெரிய எச்சரிக்கை வாசகம் சிவப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் இருக்கும். அதன் அருகே கறுப்புப் பின்னணியில், வெள்ளை எழுத்தில், இன்றே விட்டுவிடுங்கள் என்ற பொருளில் ஒரு வரியும் 1800-11-2356 என்ற எண்ணும் இருக்கும். இந்த எண் 2018 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். எண்ணை ஒவ்வொரு இலக்கமாகப் படியுங்கள். சின்ன அச்சகத்தில் அடித்த நகலில் எண் மங்கியிருக்கலாம், ஒரு இலக்கம் மாறியிருக்கலாம், சில சமயம் எண்ணே இல்லாத பழைய படத்தைப் பயன்படுத்தியிருக்கலாம்.

படங்களும் வாசகங்களும் என்றைக்கும் ஒன்றேபோல் இருப்பதில்லை. சுகாதார அமைச்சகம் அவ்வப்போது மாற்றுகிறது. 2022 டிசம்பர் 1 முதல் தயாரான பாக்கெட்டுகளில், புகையிலை வேதனையான மரணத்தைத் தரும் என்ற வாசகம் வந்தது. ஒரு வருடம் கழித்து, 2023 டிசம்பர் 1 முதல், புகையிலை பயன்படுத்துவோர் இளவயதிலேயே இறக்கிறார்கள் என்ற வாசகமும் வேறு படமும் வந்தன. இதை வைத்து ஒரு நல்ல சோதனை செய்யலாம். பாக்கெட்டில் அச்சாகியிருக்கும் தயாரிப்பு மாதத்தையும் மேலே இருக்கும் படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். போன மாதம் தயாரானது என்று போட்டிருக்கிறது, படமோ பல வருடத்துக்கு முந்தையது என்றால், யாரோ பழைய அச்சுத் தகட்டை வைத்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது எந்தப் படம் நடப்பில் இருக்கிறது என்று தெரியவில்லையா? நம்பகமான பெரிய கடையில் வேறொரு நிறுவனத்தின் பாக்கெட்டைக் கேட்டுப் பாருங்கள். ஒரே காலத்தில் தயாரான எல்லா நிறுவனங்களின் பாக்கெட்டிலும் அதே எச்சரிக்கைதான் இருக்க வேண்டும்.

படத்தின் தரமும் கவனிக்க வேண்டியது. அசல் தயாரிப்பாளர் அமைச்சகம் தரும் மூலப் படத்திலிருந்து அச்சிடுகிறார். போலி அடிப்பவர் ஓர் அசல் பாக்கெட்டை ஸ்கேன் செய்து அதிலிருந்து அச்சிடுகிறார். நகலின் நகல் என்பதால் படத்தின் விளிம்புகள் மங்கும், தோலின் நிறம் ஆரஞ்சாகவோ பழுப்பாகவோ திரியும், சிவப்புப் பட்டையின் ஓரத்தில் வெள்ளை எழுத்து கசிந்தது போல் தெரியும். கைபேசிக் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தால் இது பளிச்சென்று தெரிந்துவிடும்.

படி 3: பக்கவாட்டுச் சின்ன எழுத்துகள்

பொட்டலப் பொருட்களுக்கான சட்டமுறை எடையளவு விதிகள் 2011-இல் வந்தன. அதன்படி தயாரிப்பாளரின் பெயர், முகவரி, எத்தனை சிகரெட், தயாரித்த மாதமும் ஆண்டும், எல்லா வரிகளும் சேர்ந்த எம்.ஆர்.பி., புகார் சொல்வதற்கான தொடர்பு விவரம் ஆகியவை பாக்கெட்டில் இருக்க வேண்டும். இறக்குமதியானது என்றால் இறக்குமதி செய்தவரின் இந்திய முகவரியும் தயாரான நாட்டின் பெயரும் வேண்டும்.

ரூபாயில் எம்.ஆர்.பி. இல்லாத பாக்கெட்டை இந்தியக் கடையில் விற்க வழியே இல்லை. டாலரிலோ திர்ஹாமிலோ விலை போட்டிருந்தாலும், டியூட்டி ஃப்ரீ விற்பனைக்கு மட்டும் என்று எழுதியிருந்தாலும் அது பெட்டிக்கடைக்கு வந்த வழி நேர்வழி இல்லை.

பிராண்டும் முகவரியும் பொருந்துகிறதா என்று பாருங்கள். கோல்ட் ஃபிளேக், சிசர்ஸ், கிளாசிக், வில்ஸ் எல்லாம் ஐ.டி.சி.யுடையவை, நிறுவனத்தின் தலைமையகம் கொல்கத்தா. ஃபோர் ஸ்கொயர், ரெட் அண்ட் ஒயிட், கேவண்டர்ஸ் ஆகியவை காட்ஃப்ரே ஃபிலிப்ஸ். சார்மினார், சார்ம்ஸ் ஹைதராபாத்தின் வி.எஸ்.டி. மார்ல்போரோ என்றாலே ஃபாரின் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் முறைப்படி விற்கும் மார்ல்போரோவை உரிமம் பெற்று இங்கேயே தயாரிப்பது காட்ஃப்ரே ஃபிலிப்ஸ்தான். அதனால் கடையில் இருக்கும் மார்ல்போரோவில் இந்தியத் தயாரிப்பாளர் பெயரும், 85 சதவீத எச்சரிக்கையும், ரூபாய் விலையும் இருந்தாக வேண்டும். "இது ஒரிஜினல் ஃபாரின் சார், அதான் படம் இல்ல" என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னால், கடத்தல் சரக்கு என்பதை அவரே ஒப்புக்கொள்கிறார் என்று அர்த்தம்.

படி 4: விலை

சிகரெட்டின் விலையில் பெரும்பகுதி வரி. அதுவும் சிகரெட்டின் நீளத்தைப் பொறுத்து, ஆயிரம் சிகரெட்டுக்கு இவ்வளவு என்று ஏறும் வரி. 2026 பிப்ரவரி 1 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம் ஆனது. அதற்கு மேல் நீளத்தைப் பொறுத்த கலால் வரியும் சேர்ந்தது. சில்லறைக் கடைக்காரருக்குக் கிடைக்கும் லாபமோ சொற்பம். எம்.ஆர்.பி.யில் பத்து இருபது ரூபாய் குறைத்து விற்றால் அவருக்குக் கையிலிருந்துதான் போகும். பெரிய பிராண்டு கிங் சைஸ் பாக்கெட்டைப் பாதி விலைக்கு ஒருவர் தருகிறார் என்றால் வரி கட்டவில்லை, அல்லது உள்ளே இருப்பது அந்தப் பிராண்டே இல்லை. கம்பெனி ஆஃபர், ஸ்டாக் கிளியரன்ஸ் என்ற சமாதானங்களை நம்ப வேண்டாம்.

வரி உயர்ந்த ஒவ்வொரு முறையும் மலிவுச் சரக்கின் மேல் கண் போவது இயல்பு. அந்த நேரத்தில்தான் கூடுதல் கவனம் வேண்டும்.

படி 5: கையில் எடுத்துப் பாருங்கள்

வழக்கமாக வாங்கும் பிராண்டின் நல்ல பாக்கெட் ஒன்று பக்கத்தில் இருந்தால் இந்தப் படி எளிது. இல்லாவிட்டால் நிச்சயமாகச் சொல்வது கஷ்டம்.

மேலே சுற்றிய செல்லோஃபேன் தாள் இறுக்கமாக, சுருக்கமில்லாமல் இருக்க வேண்டும். பாக்கெட்டின் மேலும் கீழும் அது மடியும் இடத்தில் மடிப்புகள் சமமாக, கூராக இருக்கும். போலியில் தாள் தொளதொளவென்று நகரும், மடிப்பு ஒருபக்கம் நீண்டு ஒருபக்கம் குட்டையாக இருக்கும், பசைத் திட்டு தெரியும். கிழிப்பதற்கான நாடாவின் நுனியைப் பிடித்து இழுத்தால் பாக்கெட்டைச் சுற்றி ஒரே சீராகக் கிழிந்து வர வேண்டும். பாதியில் அறுந்து, நகத்தால் பிறாண்ட வேண்டி வந்தால் ஒரு சந்தேகக் குறி போடுங்கள்.

மூடியைத் திறந்ததும் உள்ளிருக்கும் ஃபாயில் தாளைப் பாருங்கள். அதில் புடைப்பு அச்சு இருக்கும் பிராண்டு என்றால் விரலால் தடவும்போது மேடு பள்ளம் தெரியும். நகலில் அது வெறும் கோடாக, தட்டையாக இருக்கும். தயாரிப்பு மாதமும் விலையும் பாக்கெட்டின் மற்ற அச்சோடு சேர்ந்து அடித்தது போல் இருக்கிறதா, பிறகு தனியாகக் குறியிட்டது போல் இருக்கிறதா என்றும் பாருங்கள். தொழிற்சாலையில் அட்டை முதலில் அச்சாகிவிடும். மாதமும் தயாரிப்புத் தொகுதியைக் காட்டும் குறியீடும் பொதுவாகப் பிற்பாடு தனியாக விழும். மாதக்கணக்கில் வெவ்வேறு கார்ட்டன்களில் (பல பாக்கெட்டுகளைச் சேர்த்து அடைத்த பெட்டிகளில்) ஒரே குறியீட்டு எண் வந்துகொண்டிருந்தால் அது நல்ல அறிகுறி இல்லை.

அப்புறம் சிகரெட். ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளின் மேல் மெல்லத் தட்டுங்கள். துகள் கொஞ்சம் விழுவது சகஜம். பொலபொலவென்று கொட்டினாலோ, குச்சி குச்சியாகக் காம்பு நீட்டிக்கொண்டிருந்தாலோ கவனியுங்கள். ஃபில்டரின் வெட்டு தட்டையாக இருக்கிறதா, ஃபில்டரைச் சுற்றிய தாள் சேரும் கோடு நேராகப் போகிறதா, பிராண்டுப் பெயர் எல்லாச் சிகரெட்டிலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று நாலைந்தை வரிசையாக வைத்துப் பாருங்கள். இயந்திரம் சுற்றியதில் ஏற்ற இறக்கம் அரிது.

நம்பக் கூடாத சோதனைகள்

சாம்பல் வெள்ளையாக இருந்தால் அசல், கறுப்பாக இருந்தால் போலி என்று ஒரு பேச்சு உண்டு. சாம்பலின் நிறம் தாளையும் புகையிலையையும் பொறுத்து மாறும். அதை வைத்து முடிவுகட்ட முடியாது. ருசியும் அப்படித்தான். மழைக்காலத்தில் ஈரம் ஏறிய அசல் சிகரெட்டும் கமறும், வெயிலில் காய்ந்த பழைய ஸ்டாக்கும் தொண்டையைக் கிழிக்கும். சோதிப்பதற்காகப் புகைத்துப் பார்ப்பது கூடவே கூடாது.

பார்கோடு இன்னொன்று. 890 என்று தொடங்கினால் இந்தியாவில் தயாரானது என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி சரியல்ல. அந்த எண், பார்கோடு எண்களை வழங்கும் அமைப்பான ஜி.எஸ்.1 இந்தியாவில் பதிவு செய்த நிறுவனத்தைத்தான் குறிக்கிறது. மேலும், கோடுகளை நகலெடுப்பது எல்லாவற்றிலும் சுலபமான வேலை. ஸ்கேன் செய்தால் சரியான பெயர் வருகிறது என்பதால் உள்ளே இருப்பது அசல் ஆகிவிடாது.

வெளிநாட்டிலிருந்து வந்த கார்ட்டன்

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வரும் மாமா, சித்தப்பா ஒரு கார்ட்டன் கொண்டுவந்து கொடுப்பது நம் வீடுகளில் வழக்கம். இந்தியாவுக்குள் வரும் பயணி வரியில்லாமல் கொண்டுவரக்கூடியது 100 சிகரெட் மட்டும். ஒரு கார்ட்டனில் பொதுவாக 200 இருக்கும். அதாவது ஒரு முழுக் கார்ட்டனே அளவைத் தாண்டிவிடுகிறது. மீதிக்கு விமான நிலையத்தில் வரி கட்ட வேண்டும். இது பலருக்குத் தெரியாது. அப்படி வந்ததை யாரிடமும் விற்கக் கூடாது. இந்திய எச்சரிக்கை இல்லாத பாக்கெட்டை விற்பவருக்கு, முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் என்று 2003 சட்டம் சொல்கிறது.

இன்ஸ்டாகிராமிலும் டெலிகிராமிலும் வேப், இ-சிகரெட் விற்பவர்களிடம் அசல் போலி என்ற கேள்விக்கே இடமில்லை. 2019 சட்டப்படி இந்தியாவில் இ-சிகரெட் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, விளம்பரம் செய்வது எல்லாமே குற்றம்.

சந்தேகம் வந்துவிட்டால்

கடையிலேயே சண்டை போடாதீர்கள். பல நேரம் சின்னக் கடைக்காரரும் ஏமாந்தவராகத்தான் இருப்பார். சைக்கிளிலோ பைக்கிலோ வந்து சரக்கு போட்டவரின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. மீதி சிகரெட்டோடு பாக்கெட்டை அப்படியே ஒரு கவரில் போட்டு வையுங்கள். எல்லாப் பக்கங்களையும், முக்கியமாகத் தயாரிப்பு மாதமும் குறியீடும் தெரியும்படி, படம் எடுங்கள். எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். பில் கிடைப்பது அரிது. யுபிஐ-யில் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவே போதும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. எம்.ஆர்.பி., தயாரிப்பாளர் முகவரி போன்றவை இல்லாத பாக்கெட் என்றால் சட்டமுறை எடையளவுப் பிரிவுக்குப் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் அது தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. பெரிய பிராண்டின் போலி என்றால், பாக்கெட்டில் இருக்கும் எண்ணை நம்பாமல், அந்த நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து தொடர்பு எண்ணை எடுத்து அழையுங்கள். போலிப் பாக்கெட்டில் அச்சாகியிருக்கும் எண்ணும் போலியாக இருக்கலாம். மொத்தமாக மூட்டைக் கணக்கில் சரக்கு இறங்குவது தெரிந்தால் அது சுங்கத்துறைக்கோ வருவாய்ப் புலனாய்வு இயக்குநரகத்துக்கோ போக வேண்டிய தகவல். அங்கே தகவல் தருபவரின் பெயர் ரகசியமாக வைக்கப்படும். பறிமுதலுக்கு வழிவகுத்த தகவலுக்குச் சன்மானமும் உண்டு.

பாக்கெட்டில் இருக்கும் அந்த 1800-11-2356 எண்ணைப் போலியைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்தாதீர்கள். அது கட்டணமில்லாத தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண். தென் மாநிலங்களுக்கான அழைப்புகளைப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையின் ஆலோசகர்கள் எடுக்கிறார்கள். தமிழிலேயே பேசலாம். எத்தனை வருடப் பழக்கம், காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட், முன்பு விட முயன்றீர்களா என்று கேட்டுக்கொண்டு, விடுவதற்கு ஒரு தேதியை உங்களோடு சேர்ந்து குறிப்பார்கள். அந்தத் தேதிக்குப் பிறகு எப்படி இருக்கிறீர்கள் என்று விசாரிக்க அவர்களே திரும்ப அழைப்பார்கள்.